உங்கள் முத்திரை யார் கையில்?

(நம் குடியிருப்பின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், சமூகக் கூடத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாத பலர் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு மடலில் இடம்பெறுகிறது. இறுதியில் சில கேள்வி பதில்களும் உள்ளன.)



போன மாதம் மாடித்தோட்டம் பற்றிப் பேசினார்கள், கூடம் நிரம்பி வழிந்தது. இந்த மாதம் "இடைக்கால ஐரோப்பாவில் தனிநபர் முத்திரைகள்" என்று நோட்டீஸ் போர்டில் பார்த்ததும், சிலர் டிபனை நம்பித்தான் வந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். டிபன் வர இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. அதுவரை என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. அதனால்தான் கையெழுத்துக்கு முன்னால் மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படிக்கும் பழக்கம் வந்தது. இங்கிலாந்தில் சுமார் 1100 முதல் 1400 வரை நடந்ததைத்தான் இன்று பெரும்பாலும் சொல்லப்போகிறேன். கேட்கக் கேட்க, நம் கைப்பேசியில் வரும் ஓடிபியும், பேங்க் லாக்கரில் இருக்கும் வீட்டுப் பத்திரமும் உங்களுக்கு ஞாபகம் வரும்.

கையெழுத்து இல்லாத காலம்

பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு படம் பார்த்திருப்பீர்கள். 1215-ஆம் ஆண்டு, ரன்னிமீட் புல்வெளி. ஜான் மன்னர் கையில் இறகுப் பேனாவோடு மேக்னா கார்ட்டாவில் கையெழுத்துப் போடுகிற மாதிரி வரைந்திருப்பார்கள். அந்தப் படம் தவறு. மன்னர் கையெழுத்துப் போடவே இல்லை. அதில் அவருடைய முத்திரைதான் வைக்கப்பட்டது. அந்த வருடத்துப் பிரதிகளில் இன்று நான்கு இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் மட்டும்தான் முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் 1731-இல் நடந்த ஒரு தீ விபத்தில் உருகி, வெறும் மெழுகு உருண்டையாகிவிட்டது.

ஏன் கையெழுத்துப் போடவில்லை? எழுதத் தெரியாதது மட்டும் காரணம் இல்லை. எழுதுவது என்பது ஒரு தனித் தொழில், அதற்குக் கூலிக்கு ஆள் இருந்தார்கள். படிக்கத் தெரிந்த பிரபுகூடப் பேனாவைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. அதற்கும் முந்தைய சாசனங்களில் சாட்சிகளின் பெயருக்கு எதிரே சிலுவைக் குறி இருக்கும். அந்தக் குறியையும் பெரும்பாலும் எழுத்தரே போட்டுவிடுவார். அப்படியானால் "இது நான் கொடுத்த வாக்கு" என்று பத்திரத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அதற்குத்தான் முத்திரை.

இது நமக்குப் புதிய விஷயமும் இல்லை. அசோகவனத்தில் அனுமன் சீதையிடம் காட்டிய கணையாழி இதே வேலையைத்தான் செய்தது. "நான் இன்னாரிடமிருந்து வருகிறேன்" என்பதற்கு அந்த மோதிரம்தான் அத்தாட்சி.

அச்சும் மெழுகும்

முதலில் இரண்டு பொருளைப் பிரித்துக்கொள்வோம். ஒன்று அச்சு, உலோகத்தில் செதுக்கியது. நம் சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி, எழுத்தெல்லாம் இடவலம் மாறி இருக்கும். இன்னொன்று அதை மெழுகில் அழுத்தினால் கிடைக்கும் பதிவு. அச்சு சொந்தக்காரரிடம் இருக்கும். பதிவு, பத்திரத்தோடு ஊரெல்லாம் போகும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

பணக்காரர் வெள்ளியில் அச்சு செய்துகொண்டார். நடுத்தர மக்களுக்குச் செம்புக் கலவை, ஏழைகளுக்கு ஈயம். பெரும்பாலும் வட்டமாக இருக்கும். பாதிரியார்களும் உயர்குலப் பெண்களும் இரு முனையும் கூர்மையான நீள்வட்டத்தை விரும்பினார்கள். நின்றுகொண்டிருக்கும் உருவத்தை அதில் செதுக்குவது வசதி. பல அச்சுகளில் ஒரு சிறு வளையம் இருக்கும். கயிறு கோத்துக் கழுத்திலோ இடுப்பிலோ தொங்கவிடலாம், பணப்பையிலும் போட்டுக்கொள்ளலாம்.

மெழுகு என்றால் நம் வீட்டு மெழுகுவத்தி அல்ல. தேன்மெழுகில் பிசின் கலந்து காய்ச்சியது. சிவப்பு வேண்டுமானால் சாதிலிங்கம், பச்சை வேண்டுமானால் செம்பிலிருந்து கிடைக்கும் பச்சைக் களிம்பு சேர்ப்பார்கள். பத்திரம் எழுதுவது பதப்படுத்திய தோலில். அதன் அடியில் ஒரு கீறல் போட்டு, ஒரு தோல் நாடாவை நுழைத்துத் தொங்கவிடுவார்கள். அந்த நாடாவைச் சுற்றி இளக்கிய மெழுகை உருண்டையாகப் பிடித்து, அதன் மேல் அச்சை அழுத்துவார்கள். ஆறியதும் முத்திரை பத்திரத்தின் அடியில் பதக்கம் மாதிரி தொங்கும். ஒரு பத்திரத்தில் பத்துப் பேர் சம்பந்தப்பட்டிருந்தால் பத்துப் பதக்கம்.

பெரிய மனிதர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முன்பக்கம் பெரிய முத்திரையை அழுத்தியபின், பின்பக்க மெழுகில் தங்களுடைய சின்ன, அந்தரங்க முத்திரையையும் அழுத்தினார்கள். பெரிய முத்திரையை ஒருவேளை அதிகாரி வைத்திருப்பார், சின்னது எஜமானர் விரலிலேயே இருக்கும். இரண்டும் இருந்தால்தான் நம்பிக்கை. இன்று பாஸ்வேர்டு போட்டபின் ஓடிபியும் கேட்கிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா இதுதான்.

மெழுகு உருண்டையைக் கையால்தானே பிடிக்க வேண்டும்? அதனால் பல முத்திரைகளின் பின்பக்கத்தில் விரல் ரேகைகள் எண்ணூறு வருடமாக அப்படியே பதிந்திருக்கின்றன. லிங்கன், அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் தடயவியல் முறையில் அந்த ரேகைகளைப் படமெடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். பெயரே தெரியாத மனிதர்களின் கட்டைவிரல்கள் அங்கே காத்திருக்கின்றன.

ராஜாவிடமிருந்து குடியானவன் வரை

ஆரம்பத்தில் இது ராஜாக்களின் சமாச்சாரம். நார்மன் படையெடுப்புக்கு முன்பே, எட்வர்ட் மன்னர் தம் ஆணைகளில் இருபுறமும் உருவம் உள்ள முத்திரையைத் தொங்கவிட்டார். 12-ஆம் நூற்றாண்டில் பிரபுக்களும் வீரர்களும் பின்தொடர்ந்தார்கள். குதிரை மேல் வாளோடு பாயும் உருவம்தான் அவர்களுக்குப் பிடித்தது.

இரண்டாம் ஹென்றி காலத்து (1154–1189) வழக்கு ஒன்று பேட்டில் மடத்தின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. மடத்துக்கும் கில்பர்ட் டி பாலியல் என்பவருக்கும் நிலத் தகராறு. மடத்தின் பழைய பத்திரங்களைக் காட்டினார்கள். "என் முன்னோர் கொடுத்ததாகச் சொல்லும் இந்தப் பத்திரத்தில் முத்திரையே இல்லையே" என்றார் கில்பர்ட். நாட்டின் தலைமை நீதி அதிகாரி ரிச்சர்ட் டி லூசி அவரைப் பார்த்து, "உம்மிடம் முத்திரை இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றதும் சிரித்துவிட்டார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு குட்டி வீரனும் முத்திரை வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை, அது அரசர்களுக்கும் பெரியவர்களுக்கும் உரியது என்ற பொருளில் ஒரு குத்தல் குத்தினார். மடத்தின் தலைவர் ரிச்சர்டின் சொந்தச் சகோதரர் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்!

அவர் சிரித்தாலும் காலம் காத்திருக்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லிங்கன்ஷயரில் ஃப்ரீஸ்டன், பட்டர்விக் என்ற இரண்டு கிராமத்து மக்கள் செஸ்டர் பிரபுவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சுமார் ஐம்பது கிராமத்து மனிதர்கள், ஆளுக்கொரு முத்திரையோடு. 1285-இல் வந்த எக்ஸிட்டர் சட்டமோ, விசாரணைக் குழுவில் அமரும் ஆள் பண்ணையடிமையாக இருந்தாலும் அவனிடமும் முத்திரை இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது. குட்டி வீரனுக்கே எதற்கு என்று கேட்டு நூறு வருடம்தான் ஆகியிருந்தது.

ஏன் இந்த வேகம்? நிலம் கைமாறியது, கடன் பெருகியது, வரி கட்ட வேண்டியிருந்தது, கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் எழுத்து கேட்டார்கள். எழுதத் தெரியாதவனுக்கு அந்த எழுத்துலகத்தில் நுழைய ஒரே வாசல் முத்திரை. மைக்கேல் கிளாஞ்சி என்ற வரலாற்றாசிரியர் 1979-இல் எழுதிய புகழ்பெற்ற புத்தகம் இந்த மாற்றத்தைப் பற்றியதுதான். இன்று நம் வீட்டில் வேலை செய்யும் அக்காவும், வாசலில் கீரை விற்கும் அம்மாவும் கியூஆர் அட்டை வைத்திருக்கிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிராமத்து ஐம்பது பேர் நினைவுக்கு வருவார்கள்.

பெண்களுக்கும் முத்திரை இருந்தது. ராணிகளுக்கு மட்டும் அல்ல, சாதாரண நிலம் வைத்திருந்த பெண்களுக்கும்தான். கணவனும் மனைவியும் சேர்ந்து விற்ற நிலத்தின் பத்திரத்தில் இருவர் முத்திரையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். கணவனை இழந்தவர்கள் தங்கள் பெயரிலேயே முத்திரை வைத்துச் சொத்தை நிர்வகித்தார்கள்.

அந்தச் சின்ன வட்டத்துக்குள்

சாதாரண மனிதர்களின் முத்திரைகளில்தான் எனக்கு ஆசை அதிகம். குடியானவர்களின் ஈய அச்சில் பெரும்பாலும் ஒரு பூ, ஒரு நட்சத்திரம், அல்லது ஒரு பறவை. சுற்றி லத்தீனில் "இன்னாரின் முத்திரை" என்று இருக்கும். இன்னார் மகன், இன்னார் மகள் என்றும் சேர்த்திருப்பார்கள்.

14-ஆம் நூற்றாண்டில் பெயரே இல்லாத ரெடிமேட் முத்திரைகளும் விற்பனைக்கு வந்தன. அவற்றில்தான் விளையாட்டு. ஓர் அணில் உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் "நான் கொட்டை உடைக்கிறேன்" என்று எழுதியிருக்கும். இன்னொன்றில் முயல் ஒன்று வேட்டைநாய் மேல் ஏறிச் சவாரி செய்யும், கூடவே வேட்டைக்காரர்களின் கூவல். வேறொன்றில், கோத்த கைகளும் "நான் உண்மைக் காதலின் முத்திரை" என்ற வாசகமும். கடிதத்தை மூடி ஒட்டப் பயன்படுத்தியவற்றில் "உடை, படி, மறைத்து வை" என்று மூன்றே சொல்லில் கட்டளை இருக்கும். வாட்ஸ்அப்பில் நாம் வைக்கும் புகைப்படமும் ஸ்டேட்டஸும் எதற்கு, அதற்குத்தான் இதுவும். யாருக்குத்தான் தன்னைக் கொஞ்சம் காட்டிக்கொள்ள ஆசை இருக்காது?

சிலர் நிலத்தில் கிடைத்த பழைய ரோமானியர் காலத்துச் செதுக்குக் கல்லை எடுத்து, வெள்ளியில் பதித்து, சுற்றித் தம் வாசகத்தைப் பொறித்துக்கொண்டார்கள். ஆயிரம் வருடப் பழைய தெய்வம் ஒன்று ஒரு கிறிஸ்தவக் கனவானின் முத்திரையாக வேலை பார்த்திருக்கிறது.

இந்த அச்சுகள் இன்றும் வயல்களில் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருட்களைப் பதிவுசெய்ய இங்கிலாந்தில் 1997-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதில் முத்திரை அச்சுகள் மட்டுமே ஆயிரக்கணக்கில் பதிவாகியிருக்கின்றன. யாரோ ஒருவர் உழும்போதோ, சந்தைக்குப் போகும்போதோ, கயிறு அறுந்து விழுந்தவை. அன்றைக்கு வீட்டில் என்ன பாடு பட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

தொலைந்தால் யார் பொறுப்பு?

சுமார் 1188-இல் எழுதப்பட்ட ஒரு சட்ட நூல் இருக்கிறது. கிளான்வில் என்ற பெயரில் வழங்குகிறது. அதில் ஒரு கேள்வி. ஒருவர் கோர்ட்டில், "முத்திரை என்னுடையதுதான், ஆனால் இந்தப் பத்திரத்தை நான் எழுதிக் கொடுக்கவில்லை" என்கிறார். என்ன செய்வது?

பதில் கறாரானது. முத்திரை உன்னுடையது என்று நீயே ஒப்புக்கொண்டாய். ஆகவே பத்திரத்துக்கு நீதான் பொறுப்பு. உன் முத்திரையைச் சரியாகப் பாதுகாக்காமல் விட்டதால் நஷ்டம் வந்தால், அதை உன் கவனக்குறைவின் கணக்கில் எழுதிக்கொள்.

அதாவது வீட்டு வேலைக்காரனோ, எழுத்தரோ, மருமகனோ அச்சை எடுத்து அழுத்திவிட்டால், போனது போனதுதான். "முத்திரை என்னுடையதே இல்லை, போலி" என்று சொன்னால் மட்டும் ஒரு வழி உண்டு. அதே ஆளின் முத்திரை உள்ள வேறு பத்திரங்களைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வங்கியில் நாங்கள் மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்துப் பார்த்ததும் அதேதான்.

அச்சு தொலைந்துவிட்டால்? உடனே ஊரறியச் சொல்ல வேண்டும். தேவாலயத்திலும் சந்தையிலும் அறிவிக்கச் செய்வார்கள். வசதி உள்ளவர்கள் அரசு அலுவலகத்துக்கே போய், "என் முத்திரை தொலைந்தது, இனி அதை வைத்து வரும் எதுவும் செல்லாது" என்று பதிவேட்டில் எழுதவைப்பார்கள். அறிவிப்பதற்கு முன்னால் நடந்ததற்கு நீ பொறுப்பு, அறிவித்தபின் நடந்தால் பிழைத்தாய்.

இப்போது 2017-க்கு வாருங்கள். அந்த ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளர் தன் ரகசிய விவரத்தைப் பிறரிடம் சொல்லி, அதனால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை ஏற்படும் முழு நஷ்டமும் அவருடையது. சொன்னபின் ஏற்படும் நஷ்டம் வங்கியுடையது. தவறு வாடிக்கையாளர் மேலும் இல்லை, வங்கி மேலும் இல்லை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் அவருக்கு நஷ்டமே இல்லை. டிஜிட்டல் கையொப்பத்துக்கும் இதே நியாயம்தான். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 42-ஆம் பிரிவு: ரகசியச் சாவியைக் கவனமாக வைத்திருப்பது சொந்தக்காரரின் கடமை. அது பிறர் கைக்குப் போனால் உடனே சொல்ல வேண்டும். சொல்லும்வரை பொறுப்பு அவருடையது.

எண்ணூறு வருடமாக அச்சை வைத்திருப்பவனிடம்தான் சட்டம் கேள்வி கேட்கிறது. கொஞ்ச நேரம் முன்பு அச்சு வேறு, பதிவு வேறு என்று சொன்னேன் அல்லவா? உங்கள் அக்கவுண்ட் நம்பரும் கியூஆர் படமும் மெழுகுப் பதிவு மாதிரி. நாலு பேர் பார்க்கலாம். பின் நம்பர், ஓடிபி, டிஜிட்டல் கையொப்பத்தின் டோக்கன் ஆகியவை அச்சு. அதை மகனிடம்கூடக் கொடுக்கும் முன் ஒரு தடவை யோசியுங்கள். முகம் தெரியாதவன் போனில் கேட்டால் யோசிக்கவே வேண்டாம்.

கடன் அடைத்தாயா, பத்திரத்தை வாங்கினாயா?

கடன் விஷயம் இன்னும் கொடுமை. 1283-இலும் 1285-இலும் வந்த சட்டங்களின்படி, வியாபாரி ஒருவர் மேயர் முன்னிலையில் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கலாம். கடனாளியின் முத்திரையும் அரசரின் முத்திரையும் அதில் விழும். தவணை தவறினால் சொத்து நேராக ஏலத்துக்கு, அல்லது ஆள் சிறைக்கு.

பொதுவாக முத்திரையிட்ட கடன் பத்திரம் எதுவானாலும் அன்றைய சட்டம் அதைக் கல்வெட்டாகவே பார்த்தது. நீங்கள் முழுப் பணத்தையும் கட்டிவிட்டீர்கள், பத்துப் பேர் பார்த்தார்கள். ஆனால் பத்திரத்தைத் திரும்ப வாங்கவில்லை, முத்திரையிட்ட ரசீதும் வாங்கவில்லை. கடன் கொடுத்தவர் அதே பத்திரத்தோடு கோர்ட்டுக்குப் போனால், நீங்கள் மறுபடியும் கட்ட வேண்டியதுதான். "கட்டிவிட்டேன்" என்ற பேச்சு முத்திரைக்கு முன் எடுபடாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் பணத்தை ஒரு கையால் கொடுக்கும்போதே மறு கையால் பத்திரத்தை வாங்கி, முத்திரையை உடைத்துவிடுவார்கள். முத்திரை போன பத்திரத்துக்கு உயிர் இல்லை.

இன்றைய சட்டம் அவ்வளவு கொடுமையாக இல்லை. ஆனாலும் நம் குடியிருப்பில் வீட்டுக்கடன் முடிந்தும் மூலப் பத்திரத்தை வாங்காமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடன் முழுதும் அடைத்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். தங்கள் தவறால் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஆவணத்தை வாங்கியதோடு நிற்காமல், பதிவு அலுவலகத்தில் அடமானம் நீங்கிவிட்டதா என்று வில்லங்கச் சான்றிதழ் போட்டும் பாருங்கள். அதுதான் நம் காலத்தில் முத்திரையை உடைப்பது.

ஆள் போனால் அச்சும் போக வேண்டும்

ஒருவர் இறந்தால் அவருடைய முத்திரை என்ன ஆகும்? இறந்தவர் பெயரில் பத்திரம் தயாரிப்பது மிகச் சுலபமான மோசடி. அதனால் ஆயர்கள் போன்ற பெரியவர்கள் இறந்தால் அச்சைப் பலர் முன்னிலையில் உடைத்துவிடுவார்கள். போப்பாண்டவரின் மீனவர் மோதிரத்துக்கு இந்த வழக்கம் இன்றும் உண்டு. 2013-இல் பதினாறாம் பெனடிக்ட் பதவி விலகியபோது, மோதிரத்தின் மேல் சிலுவைக்கோடு கீறி அதைச் செல்லாததாக்கினார்கள்.

சில சமயம் அச்சை ஆளோடே புதைத்துவிடுவார்கள். பிரான்ஸ் அரசர் இரண்டாம் பிலிப்பின் மனைவி இசபெல்லா 1190-இல் பிரசவத்தில் இறந்துபோனார். சின்ன வயது. 1858-இல் பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயத்தில் அவர் கல்லறையைத் திறந்தபோது, வெள்ளி முத்திரை அச்சு கூடவே இருந்தது. இன்று அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசியின் பெயரில் இனி யாரும் எதுவும் எழுதக்கூடாது என்ற எச்சரிக்கையாக இருக்கலாம், அவருடைய பொருள் அவரோடே போகட்டும் என்ற பாசமாகவும் இருக்கலாம்.

அரசரின் முத்திரையைப் போலியாகச் செய்தால், 1352-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ராஜதுரோகம். தண்டனை மரணம்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

இனி நம் வீட்டு விஷயம். அடுத்த காலாண்டில் நிர்வாகக் குழு மாறப்போகிறது. பழைய செயலாளர் நல்லவர், புதியவரும் நல்லவராகவே இருப்பார். ஆனாலும் கிளான்வில் நூல் நல்லவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. நான் நான்கு விஷயம் கேட்கிறேன்.

முதலாவது, சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப்கள் எத்தனை, யாரிடம் இருக்கின்றன என்று ஒரு பதிவேடு வேண்டும். தேய்ந்த ஸ்டாம்ப் ஒன்று பாதுகாவலர் அறை மேஜையில் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பழையவற்றைக் குழுவின் முன்னிலையில் வெட்டிப் போட்டு, மினிட் புத்தகத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது, வங்கியில் கையெழுத்திடும் அதிகாரம், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கேட் செயலியின் நிர்வாகி உரிமை ஆகிய நான்கையும் பதவி மாறும் அன்றே மாற்ற வேண்டும். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்பது கூடாது.

மூன்றாவது, வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கும் பழக்கம். ஊருக்குப் போகிறேன் என்று சொல்லி இரண்டு தாளில் போட்டுக் கொடுப்பது வசதிதான். அச்சைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுப் போவதும் அதுவும் ஒன்றுதான்.

நான்காவது நம் எல்லோருக்கும். பொதுக்குழுவுக்கு வர முடியாதபோது வெற்றுப் பிராக்ஸி படிவத்தில் கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுக்கிறோம். யார் பெயர், எந்தத் தீர்மானம் என்று நிரப்பியபின் கையெழுத்துப் போடுங்கள். முத்திரை உன்னுடையது என்றால் பத்திரமும் உன்னுடையது.

கேள்வி பதில்

*முத்திரை எல்லோருக்கும் தெரியாதே, வெளியூர்க்காரர் எப்படி நம்புவார்?* (பி பிளாக் அன்பர்)

அருமையான கேள்வி சார். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். "என் முத்திரை பலருக்கு அறிமுகம் இல்லாததால், இந்த ஊர் மேயரின் முத்திரையையும் சேர்த்து வைக்கச் செய்தேன்" என்று பத்திரத்திலேயே எழுதுவார்கள். மேயருக்குப் பதில் தேவாலய அதிகாரியாகவும் இருக்கலாம். நாம் மார்க் ஷீட் நகலைத் தூக்கிக்கொண்டு கெஜட்டட் அதிகாரி வீட்டு வாசலில் நின்றோமே, அதேதான். முத்திரையே இல்லாதவர்கள் பிறர் முத்திரையை இரவல் வாங்கியதும் உண்டு.

*இந்த வழக்கம் எப்போது நின்றது?* (ஏ பிளாக் அம்மா)

ஒரே நாளில் நிற்கவில்லை அம்மா. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் எழுதத் தெரிந்தவர்கள் பெருகப் பெருக, கையெழுத்து முன்னுக்கு வந்தது. 1677-இல் மோசடித் தடுப்புச் சட்டம் சில ஒப்பந்தங்களுக்குக் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்றது. ஆனாலும் தனிநபர் பத்திரத்துக்கு முத்திரை தேவை என்ற விதியை இங்கிலாந்து 1989-இல்தான் சட்டம் போட்டு நீக்கியது. நம் நாட்டிலும் கம்பெனிகளுக்குப் பொது முத்திரை கட்டாயம் இல்லை என்று ஆனது 2015-இல்தான். முத்திரைத்தாள் என்ற சொல் மட்டும் இன்னும் நம் வாயில் இருக்கிறது.

*ஓடிபியைத் தெரியாமல் சொல்லிவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?* (டி பிளாக் பெரியவர்)

முதலில் வெட்கப்படுவதை நிறுத்த வேண்டும் ஐயா. வீட்டில் சொல்லத் தயங்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பணம் கைமாறிப் போகிறது. உடனே உங்கள் வங்கியின் எண்ணுக்குச் சொல்லுங்கள். அடுத்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். புகார் எண்ணையும், சொன்ன நேரத்தையும் குறித்து வையுங்கள். முத்திரையைத் தொலைத்தவன் சந்தைக்கு ஓடிப்போய்க் கத்தியது மானத்தைப் பற்றிக் கவலைப்படாததால் அல்ல. கத்திய நிமிடம் முதல் பாரம் இறங்கும் என்று அவனுக்குத் தெரியும்.

டிபன் வந்துவிட்டது என்று ஜாடை காட்டுகிறார்கள். மேலே சொன்ன நான்கு வேண்டுகோளையும் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வரும். வந்து வாக்களியுங்கள். வர முடியாதவர்கள் பிராக்ஸியை நிரப்பிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.